தங்க அன்னத்தின் இருபத்திரண்டாம் தாள்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் சுகன்யாதேவி அளவுக்குக் கலியாண மண்டபம் ஏறி இறங்கியவர் யாரும் இல்லை. வருடத்துக்கு முப்பது, முப்பத்தைந்து கலியாணம். பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாம் அதற்கு மேலே. ஆனால் கடைசியாக எந்தக் கலியாணத்தில் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்தீர்கள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். மணவறை வாடகைக்கு விடுகிறவளின் பிழைப்பு அப்படி. சனம் வருவதற்கு நாலு மணி நேரம் முன்பே போய்த் தூண்களைப் பொருத்திப் பூட்ட வேண்டும். சனம் போன பிறகு கழற்ற வேண்டும். இடையில் தன்னுடைய பழைய வான் வண்டியின் முன் இருக்கையில் இருந்து, யாராவது நினைத்துக் கொண்டுவந்து தந்தால், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கலாம்.

முன்பு இப்படி இல்லை. கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா இருந்த காலத்தில் அவர் மணவறையைப் பூட்டுவார். அவள் கலியாணப் பொம்பிளையின் சேலை மடிப்பை நேராக்கி, மாலையின் ஊசியைச் சரி பார்த்து, தாலி கட்டும் நேரம் முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்று அட்சதை போடுவாள். ஏழு வருடத்துக்கு முன், ஓர் ஆவணி மாதம், நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனுசன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் கலியாணத்தில் பெண்ணின் தாய் அவளைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்கு ஒண்டுமில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் கொஞ்சம் பழைய ஆக்கள். அவையள் வரேக்கை நீங்கள் முன்னுக்கு நிக்காட்டி நல்லம்."

"ஓம் தங்கச்சி, எனக்கு விளங்குது" என்றாள் சுகன்யாதேவி. அன்றைக்கே வானுக்குள் போய் இருந்தவள்தான். இன்னொருவர் வாய் திறந்து சொல்லும்படி அதற்குப் பிறகு அவள் வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாயில் பிழையில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வாள். எனக்கென்றால் பத்திக்கொண்டு வருகிறது. அவள் வெட்டிய தூண் வேண்டும், அவள் பூசிய பொன் வேண்டும், ஆள் மட்டும் கண்ணில் படக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? ஆனால் கதை அவளுடையது, என் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

மகள் நிருபமா ரொறொன்ரோவில். ஞாயிற்றுக்கிழமை அழைப்பாள். சாப்பிட்டியளா, மருந்து எடுத்தியளா, குளிரா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஓம் சொல்லி முடிப்பதற்குள் அங்கே பேரப்பிள்ளை அழும். மற்ற ஆறு நாளும் சுகன்யாதேவியின் தொலைபேசியில் வருகிற குரல்கள், மணவறைக்கு எத்தனை தூண், சிவப்பா வெள்ளையா என்று கேட்கிற குரல்கள்தான்.

மணவறைச் சாமான் வைக்கும் அவளுடைய கொட்டில் ஒரு காலத்தில் தரைக்குப் பதிக்கும் ஓடு விற்ற கடை. பேருந்து போகும் தெருவிலேயே இருக்கிறது. உள்ளே சிம்மாசனங்கள் மட்டும் பதினொன்று. அவற்றில் ஒன்றிலாவது அவள் இருந்து பார்த்ததில்லை. இருந்தால் உள்ளே இருக்கும் ஸ்டைரோபோர் நுரைக்கட்டி நெரிந்துவிடும். வாசலுக்குக் கிட்ட ஓர் அன்னம் நிற்கும். சாமத்தியவீட்டுப் பிள்ளையை ஏற்றி மண்டபத்துக்குள் உருட்டிக்கொண்டு வருவதற்குச் செய்தது, சின்னக் கார் அளவு. போன சித்திரையில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அதன் கழுத்துக்குப் புதிதாகப் பொன் பூசிக்கொண்டு நின்றபோது தெருவில் பேருந்து ஒன்று போனது. பத்து நிமிடம் கழித்து, கையில் நீளமான மட்டைக் குழாயோடு ஒரு கிழவர் மூச்சு வாங்க வந்து நின்றார். அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறார்.

"மன்னிக்க வேண்டும், அம்மணி. உங்கள் அன்னத்தின் கழுத்தை அளந்து பார்க்கலாமா?"

இவர்கள் பேசியதெல்லாம் ஜெர்மன் மொழியில்தான். அவளுடைய ஜெர்மன் மண்டபத்து வாசலிலும் வரிக் கந்தோரிலும் பழகியது. குறுக்கு வழியாக ஓடும். அதை அவளுடைய ஊரான கீரிமலைத் தமிழாகவே இங்கே எழுதிவிடுகிறேன், அப்படித்தான் அவள் வாயில் அது இருக்கும்.

"அளவுங்கோ. ஆனால் தொடாதேங்கோ, மை காயேல்லை" என்றாள்.

அவருடைய பெயர் ஒஸ்டர்காம்ப். எண்பத்திரண்டு வயது. நாற்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வரைபடம் கீறியவர். நிலத்துக்குக் கீழே எந்தப் பாதை எங்கே போகிறது என்று மேலே இருந்து கீறுவது அவருடைய தொழில். சுரங்கத்தை மூடிய பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டார். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் வடக்கே ஒரு சின்னப் பிரபு இருந்தானாம். நாடு உள்ளங்கை அகலம், ஆசை மட்டும் கடலளவு. பெரிய அரசர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நாற்பது பீரங்கியோடு ஒரு பாய்மரப் போர்க்கப்பல் கட்டினான். பெயர் தங்க அன்னம். பேருந்து யன்னலால் பொன் பூசிய அன்னத்தைக் கண்டதும் கிழவர் ஏன் இறங்கினார் என்று இப்போது விளங்கும்.

கப்பலின் பின்பக்கம் முழுவதும் சிற்பம். சிங்கங்கள், கொம்பு ஊதும் தேவதைகள், மார்பில் கை வைத்த ராணிகள், எல்லாவற்றுக்கும் பொன். போர்க்கப்பலின் பின்பக்கத்தை எதிரி எப்போது பார்ப்பான்? கப்பல் பயந்து ஓடும்போதுதான். அது அந்தப் பிரபுவுக்குத் தோன்றவில்லை. நாலாம் வருடம் ஒரு புயலில் கப்பல் மூழ்கித் தாண்டு போனது. வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்துக் கப்பற்தச்சர்கள் பாதியைக் கண்ணாலேயே அளந்து கட்டினார்கள். மிஞ்சியவை மூன்று: கடலில் அது போவதைப் பார்த்துக் கீறிய ஓர் ஓவியம், சிற்பி தான் செய்து கொடுத்தவற்றை எழுதிய பட்டியல், ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் கிடக்கும் பொன் பூசிய மரக் கை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு முழுக் கப்பலையும் ஓர் ஆணிகூட விடாமல் திரும்ப வரைந்துகொண்டிருந்தார் ஒஸ்டர்காம்ப். இருபத்தொரு தாள் முடிந்துவிட்டது. உடம்பு, தளங்கள், பாய்மரங்கள், பீரங்கி எல்லாம். மிச்சம் இருபத்திரண்டாம் தாள், அதுதான் பின்பக்கம். அதில் ஒன்பது வருடமாக நின்றுவிட்டார்.

காரணம் சின்னது. சிற்பியின் பட்டியலில் நிற்கும் உருவங்கள் பதினான்கு. ஓவியத்தில் பன்னிரண்டு. மிச்சம் இரண்டும் எங்கே?

அடுத்த வியாழக்கிழமையும் அவர் வந்தார். சிற்பம் என்றால் தனக்கு ஒன்றும் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும், உதவுவீர்களா என்று கேட்டார். சுகன்யாதேவி பின்பக்கத்தின் அளவுக்கு ஒரு பலகை வெட்டினாள். விரல் உயரத்தில் பதினான்கு பொம்மை செதுக்கினாள். பல்லுக்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகப் பலகையில் குத்தி, கழற்றி, மாற்றிக் குத்திப் பார்த்தார்கள். எப்படிக் குத்தினாலும் கடைசியில் இரண்டு பொம்மை தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தன.

அப்படியே வியாழக்கிழமை பழகிவிட்டது. மூன்று மணிப் பேருந்தில் வருவார். மேலே மாவும் சீனியும் உதிர்த்துச் சுட்ட கேக்கில் இரண்டு துண்டு கொண்டுவருவார். அவள் இஞ்சி போட்ட தேநீரும், உள்ளே கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் வைத்திருப்பாள். ரோல்ஸைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்து வெட்டிச் சாப்பிடுகிற மனுசனை அவள் அதற்கு முன் கண்டதில்லை. முதல் நாள் சிரிப்பை அடக்க உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். ஐந்து மணிக்கு எழுந்து மட்டைக் குழாயை மூடுவார். "வீட்டில் காத்திருக்கிறார்கள்" என்பார். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு நிறைந்த வீட்டை அவள் மனதுக்குள் கட்டிக்கொண்டாள். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள், தாள்களின் கீழ் மூலையில் இருந்த சின்னக் கட்டங்களைக் காட்டி, "இதேன் எல்லாத்திலையும் வெறுமையாக் கிடக்கு?" என்று கேட்டாள்.

"வரைந்தவர் என்ற கட்டத்தில் நான் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பது சரிபார்த்தவர். சுரங்கத்தில் இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் கீழே போகாது. ஆட்களின் உயிர் அல்லவா?" கண்ணாடியைத் துடைத்தார். "இப்போது சரிபார்க்க யார் இருக்கிறார்கள்?"

அந்த வருடக் கோடை முழுக்க அவளுக்கு வியாழக்கிழமைக்காகவே கிழமை நகர்ந்தது. புதன் பின்னேரம் ரோல்ஸுக்குக் கிழங்கு அவிப்பாள். வியாழன் காலை கொட்டிலைக் கூட்டுவாள். ஒரு வாடிக்கையாளர் வியாழன் மூன்று மணிக்கு வாறம் என்று சொன்னபோது, "அண்டைக்கு எனக்கு டெர்மின் இருக்கு" என்று, முன்கூட்டி நேரம் குறித்த சந்திப்புக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல்லையே சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்த பிறகு தன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு வெட்கப்பட்டாள்.

கார்த்திகை பிறந்து இரண்டு நாள். நவம்பர் பதினெட்டு, திங்கட்கிழமை காலை. ஊன்ட்றொப் பக்கம் நடந்த ஒரு கலியாணத்து மணவறையை வானிலிருந்து இறக்கிக் கொட்டிலுக்குள் நிமிர்த்தி வைத்தாள். முன்தூண் இரண்டிலும் விளக்கு ஏந்திய பெண் பொம்மைகள் நிற்க வேண்டும். அவர்களின் கை வெளியே நீண்டிருப்பதால் கதவால் போகாது, ஏற்றினால் உடையும். அதனால் காலுக்குக் கீழே ஒரு குழாய் வைத்து, தூணில் துளை விட்டு, வேண்டும்போது செருகிக் கழற்றுகிற மாதிரி ஸ்ரீஸ்கந்தராஜா செய்து வைத்திருந்தார். கழற்றிய பெண்கள் பழைய சேலை சுற்றி இரண்டு பெட்டிக்குள் படுத்திருப்பார்கள்.

அன்றைக்குப் பெட்டிகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மணவறை வெறுமையாக நின்றது. இரு பக்கமும் இரண்டு கறுப்புத் துளை.

அவள் அப்படியே நின்றாள். கப்பல் ஓவியத்திலும், பின்பக்கத்தில் பிரபுவின் அறையின் பெரிய யன்னலுக்கு இரு பக்கமும் இரண்டு கறுப்பு வட்டம் இருந்தது. சின்னப் பீரங்கி வாயாக இருக்கும் என்று ஒஸ்டர்காம்ப் வரைந்து வைத்திருந்தார். ஆனால் உள்ளே பீரங்கி வைக்க இடம் இல்லை என்று தானே தலையைச் சொறிவார். பட்டியலின் கடைசி வரியும் நினைவுக்கு வந்தது: பெட்டி இரண்டு, வைக்கோலோடு. பட்டறையிலிருந்து துறைமுகத்துக்குச் சிற்பங்களைக் கொண்டுபோன பெட்டி அது என்று அவர் விளக்கியிருந்தார். பதினான்கு பொம்மைக்கு இரண்டே இரண்டு பெட்டியா? இல்லை. இரண்டு பொம்மைக்குத்தான் பெட்டி. பிரபு ஏறி வரும் நாளில், கரையில் சனம் பார்க்கும்போது செருகுவார்கள். கடலுக்குப் போகும்போது கழற்றி வைப்பார்கள், இல்லாவிட்டால் முதல் அலையே நீட்டிய கையை முறித்துக்கொண்டு போகும். ஓவியக்காரன் கீறியது கடலில் போகிற கப்பலை!

ஒன்பது வருடக் கணக்கு ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. அவரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள். இலக்கத்தை அழுத்தி முடிக்கவில்லை. அதற்குள் இன்னொன்று தெரிந்துவிட்டது. அவர் ஆகா என்பார். நன்றி என்பார். இருபத்திரண்டாம் தாளைக் கீறி முடிப்பார். பிறகு எதற்கு மூன்று மணிப் பேருந்தில் ஏறுவார்?

தொலைபேசியை மேசையில் வைத்தாள். வியாழக்கிழமை நேரிலேயே சொல்லுவம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவர் புதிதாக ஒரு யோசனையோடு வந்தார். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. அந்த யோசனை பிழை என்று தெரிந்துகொண்டே அவள் பலகையை எடுத்து வைத்தாள். அடுத்த வியாழன் மழை, அவருக்குத் தடிமன்; இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? இப்படியே ஒவ்வொரு வியாழனுக்கும் ஒரு சாட்டு. மார்கழியில் அவர் பென்சிலைக் கீழே வைத்து, "அந்த இரண்டையும் சிற்பி செய்யவே இல்லையோ என்னவோ. அப்படியே விட்டுவிடலாம் போலிருக்கிறது" என்றார். அப்போதுதான் அவள் மன்னிக்க முடியாத வேலை ஒன்றைச் செய்தாள்.

"கீழ்த்தட்டுக்கு அடியிலை நிண்டிருந்தால்?" என்றாள். "ஓவியத்திலை அந்த இடம் நிழல்தானே."

கிழவர் நிமிர்ந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று கிழமை கீழ்த்தட்டு முழுவதையும் அழித்து அழித்து வரைந்தார். அவர் குனிந்து கோடு இழுக்கும்போது எதிரே இருந்த அவள், அழித்த தூளைக் கையால் ஒதுக்கி ஒதுக்கித் தன்னையே வைதுகொண்டாள். அதே நேரம் கொட்டிலில் ஒரு மனித மூச்சு கேட்டுக்கொண்டிருப்பது சந்தோசமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொன்னால் அவளைப் பற்றிப் பொய் எழுதியதாகிவிடும்.

மாசியில் ஒரு வியாழன், அவர் அடிமட்டத்தை வைத்து இழுத்த கோடு தாளை விட்டு மேசை மேலேயே போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"ஹெர் ஒஸ்டர்காம்ப், கோடு வெளியிலை போட்டுது."

அவர் பென்சிலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். மெல்லச் சொன்னார். கண்ணின் நடுவில் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. ஊசி போடுகிறார்கள், போட்டாலும் புள்ளி பெருக்கிறது. இலையுதிர் காலத்துக்குள் மெல்லிய கோடு தெரியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். "இருபத்திரண்டாம் தாளை முடிக்காமல் போய்விடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. சாவுக்கு அவ்வளவு பயமில்லை" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் அந்தக் கிழமை முழுவதும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவளுடைய வியாழக்கிழமைகளுக்கு அவர் தன் கண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், தெரியாமலே. ஞாயிறு நிருபமா சாப்பிட்டியளா என்று கேட்டபோது முதல் தடவையாக "இல்லை" என்றாள். அந்தப் பக்கம் பேரப்பிள்ளை அழுதது, மகளுக்கு அந்தப் பதில் கேட்கவில்லை.

அடுத்த வியாழன் அவர் வரும்போது மணவறை முழுதாகப் பூட்டி நின்றது. விளக்கேந்திய பெண்கள் இரு பக்கமும் நின்றார்கள். கேக்கைக்கூட வாங்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினாள். ஒரு பெண்ணைத் தூக்கிக் கழற்றினாள். பிறகு மற்றவளை. இருவரையும் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடினாள்.

"இப்ப பாருங்கோ" என்றாள்.

அவர் கிட்டப் போனார். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். மூன்று விநாடி எடுத்திருக்கும். "வைக்கோல்!" என்று கத்தினார். எண்பத்திரண்டு வயது மனுசன் கையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பீரங்கி இல்லை! துறைமுகத்துக்கு மட்டும்! கடவுளே, எவ்வளவு எளிது!" அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இந்த ஏழு வருடத்தில் அவளுடைய கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

பிறகு கேட்டார்: "எப்போது இது உங்களுக்குப் பிடிபட்டது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அவளுக்கும் அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"நவம்பர் பதினெட்டு. திங்கட்கிழமை" என்றாள்.

அவருடைய கைகள் விலகின. சட்டைப் பையிலிருந்து சின்ன நாட்குறிப்பை எடுத்து, முகத்துக்குக் கிட்டப் பிடித்து, பக்கம் பக்கமாகத் திருப்பினார். "பதின்மூன்று வியாழக்கிழமை" என்றார். "அந்தக் கீழ்த்தட்டு..."

"சொன்னால் நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சன்."

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுசன். "சரிதான். வந்திருக்க மாட்டேன்" என்றார்.

தாள்களைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்தார். மணி மூன்றரைகூட ஆகவில்லை. வீட்டில் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. கேக் துண்டு இரண்டும் பொதி பிரிக்காமல் மேசையில் கிடந்தன. பேருந்துத் தரிப்பில் அவர் இருபது நிமிடம் நின்றார். அவள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். போய்க் கூப்பிடவில்லை.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. மூன்று மணிப் பேருந்து தரிப்பில் நிற்காமலே போனது. பழக்க தோசத்தில் இரண்டு கோப்பை எடுத்து வைத்தாள், ஒன்றைத் திரும்பக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். கலியாணத்து வானுக்குள் இருந்த தனிமைக்கு அவள் பழகியிருந்தாள். இது வேறு, இதைத் தானே தேடிக்கொண்டாள். பலகையில் பன்னிரண்டு பொம்மை நின்றன. மிச்ச இரண்டையும் செருக அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் கிழமை புதன்கிழமை தபாலில் ஒரு மட்டைக் குழாய் வந்தது. உள்ளே இருபத்திரண்டாம் தாள். பின்பக்கம் முழுவதும், ஒரு மயிர்க்கோடு பிசகாமல். பதினான்கு உருவங்களும் நின்றன. பிரபுவின் யன்னலுக்கு இரு பக்கமும் கை நீட்டிய இரு பெண்கள். பக்கத்தில் சின்னதாக, காலுக்குக் கீழே முளையும் துளையும் தனிப் படமாக. அவளுக்குக் கண் கலங்கியது. கீழ் மூலைக்கு வந்தாள். தாள் 22, மொத்தம் 22. வரைந்தவர் கட்டத்தில் அவர். சரிபார்த்தவர் கட்டத்தில், அச்சடித்தது போன்ற எழுத்தில், சுகன்யாதேவி ஸ்ரீஸ்கந்தராஜா. திகதி நவம்பர் 18.

அந்தத் திகதியை அவள் நெடுநேரம் பார்த்தாள். இதைவிடப் பெரிய மரியாதை அவளுக்கு இந்த நாட்டில் யாரும் தந்ததில்லை. இதைவிடப் பெரிய குத்தும் இல்லை. கூடவே ஒரு துண்டு: தயவுசெய்து கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும். அதோடு அவருடைய விலாசம் எழுதி, முத்திரையும் ஒட்டி, மடக்கி வைத்த உறை.

முத்திரை ஒட்டிய உறை என்றால் அர்த்தம் தெளிவு. நீ வரத் தேவையில்லை.

பேனையை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். சரிபார்த்தவர் என்று பெயர் போட்டிருக்கிறார், பார்க்காமல் போடக் கூடாதே என்று தாளை இன்னொருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒரு மணவறைக்காரியின் கண்ணோடு பார்த்தாள். பூட்டுவது இருக்கட்டும், கழற்றினால் என்ன செய்வது? அவளுடைய தொழிலில் பாதித் தலையிடி அதுதானே. இருபத்தொரு தாளும் அவளுக்கு மனப்பாடம். தளம் தளமாக மனதுக்குள் இறங்கிப் பார்த்தாள். பீரங்கி, நங்கூரக் கயிறு, தண்ணீர்ப் பீப்பா, மாலுமிகள் படுக்கிற இடம். பேனையை மூடினாள்.

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம். டெர்மின் இல்லாமல் ஒரு ஜெர்மன்காரர் வீட்டு மணியை அவள் ஒருநாளும் அடித்ததில்லை. மறுநாள் வியாழக்கிழமை, தாளைக் குழாய்க்குள் போட்டு, ரோல்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு, உறையில் இருந்த விலாசத்துக்கு மூன்று மணிப் பேருந்தில் எதிர்ப் பக்கமாகப் போனாள். இரண்டாம் மாடி. மணியை அடித்துவிட்டுத்தான் கவனித்தாள், பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு சிமெந்தில் நிற்கிறாள்.

கதவு திறந்தது. அவர் அவளையும் குழாயையும் பார்த்தார்.

"உறை வைத்திருந்தேனே" என்றார்.

"கண்டனான்."

"கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?"

"இல்லை. ஏலாது."

"ஏன்?"

"என்னைச் சரிபார்த்தவர் எண்டு போட்டிருக்கிறியள். நான் சரிபார்த்தனான். அந்த ரெண்டு பொம்பிளையளையும் கழட்டினால் பெட்டிக்குள்ளை வைக்கவேணும். அந்த ரெண்டு பெட்டியும் கப்பலிலை எங்கை? இருபத்திரண்டு தாளிலை ஒண்டிலையும் நீங்கள் கீறேல்லை."

அவர் கண் எங்கோ போனது. அவரும் இப்போது தளம் தளமாக இறங்கிக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசித் தளம் வரை போய்விட்டு அவளிடம் திரும்பினார்.

"எங்கே?" என்று கேட்டார். குரலில் ஒரு கடுமை இருந்தது. இந்தமுறை எத்தனை கிழமை வைத்திருக்கப் போகிறாய் என்பது அதற்குள் இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள். "உண்மையாவே தெரியாது, ஹெர் ஒஸ்டர்காம்ப்."

அவர் நம்பினாரா என்று சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் வீடு தெரிந்தது. சுவர்க் கொழுவியில் ஒரே ஒரு மேலங்கி. நீள மேசை ஒன்றில் இருபத்தொரு தாளும் விரித்துக் கிடந்தன. மேசைக்கு முன்னால் இருப்பதற்கு ஒரே ஒரு கதிரை. ஐந்து மணிக்கு வீட்டில் காத்திருந்தவர்கள் இந்தத் தாள்கள்தான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பெட்டி எவ்வளவு நீளம் இருக்கும்?" என்றார் அவர்.

"பொம்மையிலும் பார்க்க ரெண்டு சாண் கூட. வைக்கோலுக்கு இடம் வேணுமெல்லோ."

"அப்படியென்றால் கீழ்த்தளத்துப் படியால் இறங்காது. திரும்பாது." சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அவள் வாசலிலேயே நின்றாள். சிமெந்துக் குளிர் காலுறைக்குள்ளால் ஏறியது. உள்ளே ஏதோ ஓர் அறையில் சாமான் தட்டுப்பட்டு விழுந்தது. பிறகு இன்னொரு கதிரையை நிலத்தில் இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.